அட்டையின் பெயரும் பில்லின் தேதியும்

அண்மையில் நம்மை நாடி வந்த இல்லத்தரசியார் ஒருவர், தம் கைப்பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். அவை யாவும் கடன் அட்டைக்கு மாதந்தோறும் வரும் பில்கள். மின்னஞ்சலில் வந்தவற்றை அவருடைய மகன் அச்சிட்டுக் கொடுத்திருந்தான். இரண்டாண்டுகளுக்குமுன் அவ்வம்மையாருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. தனியார் நிறுவனமொன்றில் எழுத்தராகப் பணிபுரியும் அவர் கணவர், மருத்துவமனையில் கட்ட வேண்டிய 50,000 ரூபாயைக் கடன் அட்டையின் மூலம் கட்டினார். அன்று முதல் ஒரு மாதங்கூடத் தவறாமல், பில்லில் குறிக்கப்பட்ட "குறைந்தபட்சத் தொகை"யைச் செலுத்தி வந்திருக்கிறார்.

"ஐயா, இரண்டு வருடமாகத் தவணை கட்டுகிறோம். இன்னும் கடன் தீரவில்லை. இது விசா கார்டாம். ரூபே கார்டுக்கு மாற்றிக்கொண்டால் வட்டி குறைந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மைதானா?" என்று அவர் கேட்டார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. நம் குடும்பங்களில் இன்று கடன் அட்டை இல்லாத வீடுகள் குறைந்து வருகின்றன. ஆயினும் அட்டையின் மூலையில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயருக்குப் பொருள் என்ன, பணத்தைக் கடனாகத் தருபவர் யார், வட்டியை விதிப்பவர் யார் என்பன பலருக்கும் விளங்காமலேயே இருக்கின்றன. ஆகவே இவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

அட்டையில் இரண்டு பெயர்கள்

ஒரு கடன் அட்டையைக் கையிலெடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு பெயர்கள் இருக்கக் காண்பீர்கள். ஒன்று வங்கியின் பெயர். மற்றொன்று விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்றவாறு ஏதேனும் ஒரு வலையமைப்பின் பெயர். இவ்விரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். அவற்றின் பணிகளும் வெவ்வேறு.

துணிக்கடையொன்றில் 1,000 ரூபாய்க்குப் புடவை வாங்கி அட்டையை நீட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரின் இயந்திரம் அச்செய்தியைக் கடைக்காரரின் வங்கிக்கு அனுப்புகிறது. அவ்வங்கி அதனை வலையமைப்பிடம் சேர்க்கிறது. வலையமைப்போ, இவ்வட்டையை வழங்கிய வங்கி எது என்பதைக் கண்டறிந்து, "இவருக்கு 1,000 ரூபாய் தரலாமா?" என்று கேட்கிறது. நம் வங்கி சம்மதித்ததும், வந்த வழியே விடை திரும்புகிறது. இவ்வளவும் சில விநாடிகளில் முடிந்துவிடுகின்றன. பின்னர் இரு வங்கிகளுக்கும் இடையே பணக்கணக்கைத் தீர்த்து வைப்பதும் வலையமைப்பின் வேலையே. கடைக்காரருக்கு முழு 1,000 ரூபாய் கிடைப்பதில்லை. அதில் ஒரு சிறு பங்கு கட்டணமாகக் கழிக்கப்பட்டு, இரு வங்கிகளுக்கும் வலையமைப்புக்குமாகப் பிரிந்து செல்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. விசாவும் மாஸ்டர்கார்டும் ரூபேயும் நமக்குக் கடன் கொடுப்பவை அல்ல. தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்ப்பவரேயன்றி அதை எழுதியவர் அல்லர், வலையமைப்பும் அத்தகையதே. கடன் கொடுப்பது வங்கி. வட்டி விகிதத்தை நிர்ணயிப்பது வங்கி. பில் அனுப்புவதும் தாமதக் கட்டணம் விதிப்பதும் வங்கியே. ஆகவே விசாவிலிருந்து ரூபேக்கு மாறினால் வட்டி குறையும் என்பது வெறும் நம்பிக்கை. வங்கியும் அது விதிக்கும் வட்டியும் மாறாதவரை, பெயர் மாறுவதால் பயனேதும் இல்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நம் நாட்டில் தானே வலையமைப்பாகவும், தானே அட்டை வழங்குவதாகவும் இருந்து வருகிறது. அங்கே கடன் கொடுப்பதும் செய்தி கொண்டு செல்வதும் ஒரே நிறுவனம்.

வலையமைப்புகள் எதில் வேறுபடுகின்றன?

அப்படியானால் இப்பெயர்களுக்குள் வேறுபாடே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது கடனைப் பற்றியதன்று, அட்டை எங்கே செல்லுபடியாகும் என்பதைப் பற்றியது.

விசாவும் மாஸ்டர்கார்டும் உலகின் பெரும்பாலான நாடுகளில் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. நம் நாட்டில் இவ்விரண்டையும் ஏற்கும் கடைகளுள் பல, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையை ஏற்பதில்லை. ரூபே என்பது 2008-இல் அமைக்கப்பட்ட இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் வலையமைப்பு. 2012-இல் தொடங்கப்பட்டு, 2014 மே மாதத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அவர்களால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வெளிநாடுகளில் டிஸ்கவர், டைனர்ஸ் கிளப் போன்ற பிற வலையமைப்புகளோடு செய்துகொண்ட உடன்பாடுகளின் வழியாகவே அது பெரிதும் இயங்குகிறது.

ரூபேக்குரிய தனிச் சிறப்பு ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் முதல் ரூபே கடன் அட்டையைக் கைப்பேசியிலுள்ள யுபிஐ செயலியோடு இணைத்துக்கொள்ள வழி பிறந்தது. அதனால் அட்டை இயந்திரம் இல்லாத மளிகைக் கடையிலும், அங்கு ஒட்டியிருக்கும் சதுரக் குறியீட்டைப் படம் பிடித்துக் கடன் அட்டையின் வழியே பணம் செலுத்தலாம். இது வசதிதான்; எனினும் கையிலிருப்பது தம் பணமா, வங்கியின் கடனா என்பதை மறக்கச் செய்யும் வசதி என்பதையும் மறத்தலாகாது.

முன்பெல்லாம் எந்த வலையமைப்பின் அட்டையைத் தருவது என்பதை வங்கியே முடிவு செய்தது. 2024 மார்ச் 6-ஆம் நாள் ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணை இதை மாற்றியது. அதன்படி 2024 செப்டம்பர் 6 முதல், புதிதாக அட்டை பெறுவோர் ஒன்றுக்கு மேற்பட்ட வலையமைப்புகளிலிருந்து விரும்பியதைத் தேர்ந்துகொள்ள வங்கி வாய்ப்பளிக்க வேண்டும். ஏற்கெனவே அட்டை வைத்திருப்போர் அதைப் புதுப்பிக்கும்போது அவ்வாய்ப்பைப் பெறுவர். 10 இலட்சம் அட்டைகளுக்கு மேற்படாத சிறு நிறுவனங்களுக்கும், தம் சொந்த வலையமைப்பிலேயே அட்டை தருவோருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

எனவே அயல்நாடு செல்வோருக்கும், வெளிநாட்டுக் கல்லூரிகளுக்குக் கட்டணம் செலுத்துவோருக்கும் விசா, மாஸ்டர்கார்டு ஆகியவை பொருத்தமாயிருக்கலாம். உள்ளூரிலேயே புழங்குவோருக்கு ரூபே போதுமானது. பெயரைப் பற்றி அறிய வேண்டியது இவ்வளவே.

முழுத் தொகையைக் கேட்ட முதல் அட்டை

கடன் அட்டையின் வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிராங்க் மக்நமாரா என்பவரும் அவர் கூட்டாளியும் சேர்ந்து டைனர்ஸ் கிளப் என்னும் அமைப்பைத் தொடங்கினர். அதன் அட்டையைக் காட்டி உணவகங்களில் உண்ணலாம். ஆனால் மாதந்தோறும் கணக்கு வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். பாக்கி வைக்க இடமில்லை. 1958-இல் வந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையும் தொடக்கத்தில் இம்முறையையே பின்பற்றியது.

அதே 1958 செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலத்தின் பிரெஸ்னோ நகரில், பாங்க் ஆப் அமெரிக்கா வேறொரு வழியைக் கையாண்டது. கேளாமலேயே ஏறத்தாழ 60,000 பேருக்கு அட்டைகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. முழுத் தொகையைக் கட்ட இயலாவிடில் ஒரு பகுதியை மட்டும் கட்டலாம். மீதிக்கு வட்டி உண்டு என்பதே அதன் ஏற்பாடு. அந்த அட்டைதான் 1976-இல் விசா என்று பெயர் மாறியது. அதற்குப் போட்டியாக 1966-இல் வேறு சில வங்கிகள் கூடி அமைத்த சங்கத்தின் அட்டை, 1979-இல் மாஸ்டர்கார்டு என்னும் பெயரைப் பெற்றது. கேளாமல் அட்டை அனுப்பும் வழக்கத்தை அமெரிக்கா 1970-இல் சட்டத்தால் தடுத்தது. ஆனால் மீதியை வட்டியோடு சுமக்கும் பழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது.

சரக்கு வாங்கும் வசதியாகப் பிறந்த அட்டை, இவ்வாறு வட்டிக் கடனாக வளர்ந்தது. இன்றும் நம் கையிலுள்ள ஒவ்வொரு அட்டையிலும் இவ்விரண்டு வழிகளும் அடங்கியிருக்கின்றன. குறித்த நாளில் முழுத் தொகையையும் கட்டுபவருக்கு, வாங்கிய பொருள்களுக்கு வட்டியே இல்லை. கட்டாதவருக்கோ, நாட்டில் உள்ள மிக உயர்ந்த வட்டிகளுள் ஒன்று காத்திருக்கிறது.

"குறைந்தபட்சம்" என்னும் கண்ணி

இனி, அவ்வம்மையாரின் பில்களுக்கு வருவோம். அவற்றில் கண்ட வட்டி மாதத்திற்கு 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம். அவ்வட்டியின் மீது 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. இரண்டும் சேர்ந்து மாதத்திற்கு 4.13 சதவீதம் ஆகிறது. குறைந்தபட்சத் தொகை என்பது மொத்த பாக்கியில் 5 சதவீதம்.

50,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாதத்து வட்டி 1,750 ரூபாய். வரி 315 ரூபாய். ஆக, மொத்த பாக்கி 52,065 ரூபாய். இதில் 5 சதவீதம் 2,603 ரூபாய். அதைக் கட்டியபின் எஞ்சுவது 49,462 ரூபாய். சிந்தித்துப் பாருங்கள்! 2,603 ரூபாய் கட்டியும் கடன் குறைந்தது 538 ரூபாய் மட்டுமே. ஏனையவெல்லாம் வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டன. மேலும், பாக்கி சிறிது சிறிதாகக் குறையக் குறைய, கேட்கப்படும் குறைந்தபட்சத் தொகையும் குறைகிறது. ஆதலால் கடன் தீரும் நாள் விலகிக்கொண்டே போகிறது.

அட்டையில் புதிதாக ஒன்றும் வாங்காமல், ஒரு மாதமும் தவறாமல், 24 மாதங்கள் இவ்வாறு கட்டியதில் அக்குடும்பம் செலுத்தியது ஏறத்தாழ 55,300 ரூபாய். வாங்கிய கடனைவிட அதிகம்! அதற்குப் பின்னும் எஞ்சி நின்ற பாக்கி ஏறத்தாழ 38,560 ரூபாய். இக்கணக்கை நாம் தாளில் எழுதிக் காட்டியபோது அவ்வம்மையார் நெடுநேரம் பேசவில்லை. "இதைத் தவணை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்" என்று மட்டும் சொன்னார்.

தவணை என்பது குறித்த காலத்தில் அசலும் வட்டியும் தீருமாறு வகுக்கப்படுவது. குறைந்தபட்சத் தொகையோ தாமதக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்கு மட்டுமே உதவும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்னும் எச்சரிக்கை பில்லிலேயே இடம்பெற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. ஆயினும் அதைப் படிப்பவர் எத்தனை பேர்?

இன்னும் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளல் நலம். ஒரு மாதம் பாக்கி வைத்துவிட்டால், அந்த பாக்கிக்குப் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் காலச் சலுகை கிடைப்பதில்லை. கடன் அட்டையைக் கொண்டு பணமாக எடுத்தாலோ, எடுத்த நாளிலிருந்தே வட்டி. அதோடு தனிக் கட்டணமும் உண்டு.

வட்டிக்குச் சட்டம் வரம்பிடாதா என்று சிலர் கேட்பர். ஆண்டுக்கு 30 சதவீதத்திற்கு மேல் வாங்குவது நேர்மையற்ற வாணிகமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2024 டிசம்பர் 20-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆகவே வரம்பை நமக்கு நாமே இட்டுக்கொள்ள வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

மீளும் வழி

கடனில் ஏற்கெனவே சிக்கியிருப்போர் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, பாக்கி தீரும்வரை அந்த அட்டையைப் பயன்படுத்தலாகாது. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றிப் பயனில்லை. யுபிஐ செயலியில் இணைத்திருந்தால் அதையும் நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, பில் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, நாமே ஒரு தொகையை உறுதி செய்துகொண்டு மாதந்தோறும் அதையே கட்ட வேண்டும். மேற்கூறிய 50,000 ரூபாய்க் கடனுக்குத் தொடக்கத்திலிருந்தே மாதம் 5,000 ரூபாய் கட்டியிருந்தால், 13 மாதங்கள் கழித்து 14-ஆம் மாதத்தில் ஏறத்தாழ 830 ரூபாயோடு கடன் தீர்ந்திருக்கும். மொத்தம் கட்டியிருக்கக்கூடியது ஏறக்குறைய 65,800 ரூபாய்.

மூன்றாவது, இரண்டு மூன்று அட்டைகளில் பாக்கி இருந்தால், எல்லாவற்றிற்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, மிஞ்சும் பணம் முழுவதையும் எதற்கு வட்டி அதிகமோ அதற்கே செலுத்த வேண்டும். அது தீர்ந்தபின் அடுத்ததற்குச் செல்லலாம். ஓர் அட்டையிலிருந்து பணமெடுத்து மற்றோர் அட்டைக்குக் கட்டுவது கடனைத் தீர்ப்பதாகாது; பெருக்குவதே ஆகும்.

நான்காவது, உயர்ந்த வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக் கடனால் அடைப்பது. வங்கியின் நகைக்கடனுக்கும், மாதச் சம்பளத்தாருக்குத் தரும் தனிநபர்க் கடனுக்கும் வட்டி, அட்டை வட்டியில் பாதிக்கும் குறைவாகவே இருப்பது வழக்கம். எடுத்துக்காட்டாக, 38,560 ரூபாயை மாதம் 1 சதவீத வட்டியில் பெற்று அட்டையை அடைத்துவிட்டால், மாதம் 3,430 ரூபாய் வீதம் 12 மாதங்களில் எல்லாம் தீர்ந்துவிடும். மொத்த வட்டி ஏறத்தாழ 2,600 ரூபாய். அட்டையிலேயே விட்டிருந்தால், முதல் இரண்டு மாதங்களுக்குள்ளாகவே வட்டியும் வரியும் அத்தொகையைத் தாண்டிவிடும். ஆனால் அடைத்த அட்டையை மீண்டும் நிரப்பினால் இரண்டு கடன்கள் கழுத்தில் ஏறும். மீட்காத நகை ஏலம் போகும். இவ்வழியை நாடுவோர் இவ்வபாயத்தை எண்ணியே இறங்க வேண்டும்.

ஐந்தாவது, இயலாத நிலை வந்தால் ஒளியாமல் வங்கிக்கு எழுதித் தெரிவித்து, பாக்கியைக் குறைந்த வட்டியில் உண்மையான தவணையாக மாற்றித்தரக் கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

நமக்குள்ள பாதுகாப்புகள்

2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் சில நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை. கேளாமல் அட்டை வழங்கிக் கட்டணம் விதித்தால், அதைத் திரும்பத் தருவதோடு அதைப்போல் இருமடங்கை அபராதமாகவும் வங்கி தர வேண்டும். பாக்கி இல்லாத அட்டையை மூடும்படி கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும். கெடு முடிந்து மூன்று நாட்களுக்கு மேலாகியும் கட்டாதபோதே தாமதக் கட்டணம் விதிக்கலாம். பில் கணக்கிடும் தேதியை, சம்பள நாளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் நமக்கு உரிமை தரப்பட்டது.

கடன் வசூலிக்க வருவோர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைத்தலாகாது. அச்சுறுத்தலோ, உற்றார் நண்பர் முன் இழிவுபடுத்தலோ கூடாது என்றும் அவ்வாண்டே ஆணையிடப்பட்டது. வங்கியிடம் முறையிட்டு 30 நாட்களுக்குள் தக்க விடை கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன்பட்டவர் குற்றவாளி அல்லர் என்பதை அவர் வீட்டாரும் உணர வேண்டும்.

இருவரும் அறிந்த கணக்கு

அவ்வம்மையார் வீடு திரும்பியபின் கணவரோடு அமர்ந்து கணக்குப் பார்த்தார். அதுவரை அவர் கணவர் கடனின் முழு அளவை மனைவியிடம் சொன்னதில்லை. "உன் வைத்தியத்தால் வந்த கடன் என்று நீ வருந்துவாயே" என்று எண்ணி மறைத்திருக்கிறார். அன்பால் மறைத்ததுதான். ஆயினும் மறைத்த இரண்டாண்டுகளில் 43,000 ரூபாய்க்கு மேல் வட்டிக்கும் வரிக்குமாகப் போயிருந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால், பெட்டியிலிருந்த வளையல்கள் அன்றைக்கே உதவியிருக்கும்.

சில வாரங்களுக்குப் பின் இருவரும் சேர்ந்தே நம்மிடம் வந்தனர். வளையல்களை வங்கியில் வைத்து அட்டையின் பாக்கியை முழுவதும் அடைத்துவிட்டார்களாம். அட்டையை மூடிவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று கேட்டனர். "முழுத் தொகையையும் ஒவ்வொரு மாதமும் கட்ட முடியும் என்ற உறுதி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் மூடிவிடுங்கள்" என்றோம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மூடிவிடுவதாகச் சொன்னார்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர். அட்டையிலும் அவ்வாறே. அதன் மூலையிலுள்ள பெயர் விசாவாயினும் ரூபேயாயினும் ஆகுக. பில் வந்த அன்றே அதிலுள்ள மொத்தத் தொகையையும் கடைசித் தேதியையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்போம். கணவனும் மனைவியும் சேர்ந்தே அதைப் பார்ப்போம். அத்தேதிக்கு முன் முழுத் தொகையையும் கட்டுவோம். கட்ட இயலாத பொருளை அந்த மாதம் வாங்காதிருப்போமாக.